ஸ்டிக்கர் சாரும் காணாமல் போன இறங்குமிடங்களும்

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் குடியிருக்கிற ஜனங்களில் மகா எரிச்சலான ஆள் யார் என்று ஒரு தேர்தல் வைத்தால் ஸ்டிக்கர்தான் ஜெயிப்பார். எதிர்த்து நின்ற அத்தனை பேருக்கும் டெபாசிட் போகும். அவருக்கு விழும் முதல் ஓட்டு என்னுடையது. கள்ள ஓட்டுப் போட வழியிருந்தால் அதையும் போட்டுவிட்டு வருவேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். பள்ளிக்கூடங்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனி. மொத்தம் பதினோரு பேர். அதில் மூத்தவர் ஸ்டிக்கர். ஐம்பது வயது, முழுக்கைச் சட்டை, ஒருத்தரைப் பார்த்தும் சிரித்துவிடக் கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த மாதிரி ஒரு முகம்.

அந்த ஆபீஸில் சீட்டு ஒட்டப்படாத பொருள் கிடையாது. எட்டு சுவிட்சுக்கும் எட்டு சீட்டு. பாத்ரூம் கதவில் 'தாழ்ப்பாள் மேலே இருக்கிறது, கீழே தேடாதே'. ஃப்ரிட்ஜில் 'இது யாருடைய சாம்பார், எத்தனை நாளாக?'. சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் முன்னால் ஓடும். அதைச் சரிசெய்ய மாட்டார். 'நான்கு நிமிடம் கழித்துக்கொள்ளவும்' என்று ஒட்டி வைத்திருந்தார். வருஷக்கணக்காகப் பதினோரு பேர் கழித்துக்கொண்டிருந்தோம்.

ஒட்டுவதோடு விட்டாரா என்றால் இல்லை. ஊரில் யார் எங்கே எதை ஒட்டியிருந்தாலும் அதில் குற்றம் கண்டுபிடிப்பார். அவர் போகும் சர்ச்சில் பாட்டு நம்பர் எழுதுகிற பலகையைத் தூணுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்களாம். ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம். ஒரு தடவை பம்மலிலிருந்து நானும் அவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தோம். அந்த ஆட்டோவில் ஊர்ப்பெயர் போர்டு பின்பக்கம் தொங்கியது.

"ஏம்ப்பா, போர்டு பின்னாடி இருக்கே. வண்டி தாண்டிப் போனப்புறம் படிச்சிட்டு ஜனங்க ஓடி வரணுமா?"

"நீ ஏறிட்ட இல்ல சாரு? அப்பறம் இன்னாத்துக்கு பேஜார் பண்ற?" என்றார் டிரைவர்.

"நான் உன் மூஞ்சியப் பாத்து ஏறினேன்."

"அப்ப என் மூஞ்சில எழுதிக்கினு சுத்தறேன், போதுமா?"

ஆட்டோவில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். ஸ்டிக்கர் மட்டும் அது நல்ல யோசனையா என்று பரிசீலித்துக்கொண்டு வந்தார்.

எங்கள் எம்.டி. கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார். எல்லோரும் மார்பிளைத் தடவிப் பார்த்து "சூப்பர் சார்" என்றோம். ஸ்டிக்கர், கையில் ஜிலேபித் தட்டோடு எம்.டி.யின் மாமனார் முன்னால் நின்று கேட்டார்: "பேர்ப்பலகைய உள்ள கார் நிறுத்தற இடத்துல மாட்டியிருக்கீங்களே, கூரியர்காரன் கேட்டுக்கு வெளிய நிப்பான். அவன் எதைப் பார்ப்பான்?" எம்.டி.யின் மனைவி முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் சாப்பிடாமலே கிளம்பிவிடலாமா என்று யோசித்தோம்.

இந்த வியாதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று புரிய, எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், சுருக்கமாகத்தான்.

நாங்கள் எழுதுகிற புரோகிராம் ஒரு பக்கம். பிள்ளைகளின் பெயர், வகுப்பு எல்லாம் அடங்கிய டேட்டாபேஸ் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தரகர் மாதிரி ஒரு சாஃப்ட்வேர். இந்த விவரத்தை அந்த டேபிளில், அதாவது அட்டவணையில், இன்ன கட்டத்திலிருந்து எடு என்று அந்தத் தரகருக்கு நாங்கள் சீட்டு எழுதி வைப்போம். @ குறி போட்டு எழுதுகிற அந்தச் சீட்டுக்குப் பெயர் அனோட்டேஷன். ஸ்டிக்கர் அதை 'ஸ்டிக்கர்' என்பார். பெயர் வந்த கதை அதுதான்.

இந்தச் சீட்டை இரண்டு இடத்தில் ஒட்டலாம். புரோகிராம் தாளின் மேல்பகுதியில், விவரத்தின் தலையிலேயே ஒட்டலாம். அல்லது கீழ்ப்பகுதியில், அந்த விவரத்தை எடுத்துக் கொடுக்கிற வரியின் தலையில் ஒட்டலாம். எங்கே ஒட்டினாலும் சரி. ஆனால் ஒரு விதி உண்டு. ஐடி என்று ஒரு முதல் சீட்டு இருக்கும். அது எங்கே இருக்கிறதோ, தரகர் அந்தப் பக்கத்துச் சீட்டுகளை மட்டும்தான் படிப்பார். மற்ற பக்கத்தில் ஒட்டியதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மூன்றாம் கவுன்ட்டரில் டோக்கன் வாங்கிவிட்டு நான்காம் கவுன்ட்டரில் மனுவை நீட்டின கதைதான். ஒரே வித்தியாசம், அரசு ஆபீஸில் திட்டியாவது அனுப்புவார்கள். இந்தத் தரகர் வாயே திறக்காமல் தன் இஷ்டத்துக்கு ஏதாவது செய்துவைப்பார்.

அப்படி இடம் மாறி ஒட்டின சீட்டைக் கண்டுபிடிப்பதுதான் ஸ்டிக்கரின் தனித் தொழில். கண்டுபிடிக்கிற விதம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் உங்களுக்கும் கோபம் வரும்.

கம்ப்யூட்டரில் பார்க்க மாட்டார். அத்தனையையும் பிரின்ட் எடுப்பார். @ குறி உள்ள வரிகளைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டுவார். சாப்பாட்டு அறைச் சுவரில் தாள்களை வரிசையாக ஒட்டுவார். எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது எருமையா எம்.டி.யா என்று அவருக்குத் தெரியாது.

"எழுத்து தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா படிப்போம். படிச்சா அர்த்தம் புரியும். அர்த்தம் புரிஞ்சா எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு தோணிடும். எனக்கு சிவப்பு எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா போதும்."

எல்லாத் தாளிலும் சிவப்பு மேலே திரண்டிருந்தால் சரி. எல்லாவற்றிலும் கீழே திரண்டிருந்தாலும் சரி. அங்கொன்றும் இங்கொன்றுமாக அம்மை போட்ட மாதிரி இருந்தால் எழுதியவர் தொலைந்தார். நான் சேர்ந்த முதல் வாரமே நான் எழுதின கோடு, அதாவது புரோகிராம், சுவரேறியது. அம்மை. மேலே ஒரு சீட்டு ஒட்டினார்: 'பாதி மேலே, பாதி கீழே. படித்தவர் செய்கிற வேலையா?' என் மானத்தைப் பார்த்துக்கொண்டே பத்து பேர் தயிர்சாதம் சாப்பிட்டார்கள்.

இதையெல்லாம் ஏன் பொறுத்துக்கொண்டேன் என்றால், எனக்கு வேறு வழியில்லை. பிள்ளை பிறந்து ஆறு வருஷம் வேலைக்குப் போகாமல் இருந்தவள் நான். திரும்ப வேலை தேடினபோது ஒவ்வொரு இன்டர்வியூவிலும் "ஆறு வருஷமா என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்கள். "உங்கள மாதிரி ஒருத்தன வளத்துக்கிட்டு இருந்தேன்" என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டேன். அந்த வேலை கிடைக்கவில்லை. மற்ற இடங்களில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் இந்த எம்.டி.தான் ஆறு மாதம் பார்ப்போம் என்று சேர்த்துக்கொண்டார். ஐந்தாவது மாதத்துக்குள் இரண்டு தப்பு செய்தேன். "இன்னொண்ணு ஆச்சுன்னா நீங்க கெளம்ப வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். இந்த வேலை போனால் அடுத்தது கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

அந்த ஐந்தாவது மாதத்தில்தான் ஒரு பள்ளிக்கூடத்து ஆட்கள் ஆபீஸைப் பார்க்க வந்தார்கள். சாப்பாட்டு அறைச் சுவரைப் பார்த்து, "என்ன சார், எக்ஸிபிஷனா?" என்று கேட்டுவிட்டார்கள். எம்.டி.க்கு ரோஷம் வந்துவிட்டது. இனிமேல் ஆபீஸில் கோடு பிரின்ட் எடுக்கக் கூடாது, சுவரில் ஒரு தாள் இருக்கக் கூடாது என்று உத்தரவு. பிரின்ட்டரைத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். நான் அன்றைக்கு எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன். ஸ்டிக்கர் தன் பங்கை எடுத்து, "இது எதுக்குன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

இரண்டு வாரம் போனது. பள்ளி வேன்களுக்குப் புது ரூட் போட ஒரு வேலை வந்தது. என்னிடம் கொடுத்தார்கள். அதைச் செய்யும்போது, எல்லாத் தாளுக்கும் தாய்த்தாளாக இருந்து, ஐடியை எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தானே வைத்திருக்கிற ஒன்றில், மேலே இருந்த ஐடி சீட்டை எடுத்துக் கீழே ஒட்டினேன். ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஷேர் ஆட்டோவில் வரும்போது வீடியோவில் ஒரு தாடிக்காரன் அதுதான் அழகு என்று சொன்னான். அழகு. எனக்கு எதற்கு அழகு?

வெள்ளிக்கிழமை புது வெர்ஷன் ஏற்றக் கூடாது என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஏதாவது உடைந்தால் சனி ஞாயிறு போய்விடும். எங்கள் எம்.டி.க்கோ வெள்ளிக்கிழமைதான் நல்ல நாள். ஏற்றினோம்.

மதியம் இரண்டே காலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். வேன்களுக்குப் பொறுப்பான ஆள்.

"இன்னா மேடம் இது? லிஸ்ட்ல புள்ளைங்க பேரு கீது, கிளாஸு கீது, எறங்கற எடம் மட்டும் மொட்டையா கீது?"

"ஒண்ணு ரெண்டு பேருக்கா அண்ணா?"

"அத்தினி பேருக்கும்தான். இன்னைக்கு புது ரூட்டு. டிரைவருங்க எல்லாம் வண்டி மாறிக்கிறானுங்க. ஒருத்தனுக்கும் ஒரு புள்ளையத் தெரியாது. மூணரைக்கு பெல்லு. நான் இன்னா, மூஞ்சியப் பாத்து வூடு கண்டுபுடிச்சு எறக்கி வுடறதா?"

எம்.டி. அறையிலிருந்து ஓடி வந்தார். "பழைய வெர்ஷன ஏத்துங்க!" என்றார். பழையதை ஏற்றினால் புது ரூட் மொத்தமும் போய்விடும், எந்தப் பிள்ளை எந்த வேன் என்பதே தெரியாது. அதைச் சொன்னேன். "அப்ப கண்டுபிடிங்க!" என்று கத்தினார். மூன்று நாள் வேலையில் நூறு இடத்தில் கை வைத்திருக்கிறேன். எதை என்று தேடுவது?

ஸ்டிக்கர் நாற்காலியை விட்டு எழுந்து மெதுவாக வந்தார். அவசரம் என்ற ஒன்றை அவருக்குப் பள்ளியில் சொல்லித்தரவில்லை.

"ஐடி எங்க இருக்கு?"

"அதெல்லாம் சரியா இருக்கு சார்!"

"சரியான்னு கேக்கல. எங்கன்னு கேட்டேன்."

"சார், டயம் இல்ல. நீங்க வேற உயிர எடுக்காதீங்க!"

"பிரின்ட் எடுத்துக் குடு."

எம்.டி.க்கும் எனக்கும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது. அந்தக் கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே சந்தர்ப்பம் அதுதான். "இப்பவா பிரின்ட்டு?" என்று இருவரும் கத்தினோம். ஸ்டிக்கர் எம்.டி.யின் அறைக் கதவுப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்றார். மணி இரண்டு ஐம்பது. எம்.டி. போய்ப் பூட்டைத் திறந்து பிரின்ட்டரை வெளியே எடுத்து வைத்தார்.

பத்தொன்பது தாள். நான் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டினேன். ஸ்டிக்கர் ஒவ்வொன்றாகக் கட்டம் கட்டினார். நேராகக் கட்டினார். ஒரு கட்டம் கோணலாகப் போய்விட்டது என்று அடித்துவிட்டுத் திரும்பக் கட்டினார். அந்தப் பேனாவைப் பிடுங்கி அவர் கண்ணிலேயே குத்தலாமா என்று எனக்கு இருந்தது. பிறகு எதிர்ச்சுவருக்குப் போய்ச் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றினார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இடது கோடி, மேல் வரிசை, ரெண்டாவது. எல்லாத்துலயும் சிவப்பு மேல இருக்கு. அதுல மட்டும் கீழ ஒண்ணு தொங்குது."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். தாய்த்தாள். ஐடி. நான் அழகுபடுத்தின ஐடி. அது கீழே போனதும் தரகர் மற்றப் பதினெட்டுத் தாளிலும் கீழேயே பார்த்துக்கொண்டு, மேலே இருந்த என் சீட்டு அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டார். பெயரும் வகுப்பும் டேபிளிலும் அதே பெயரில் இருந்ததால் சீட்டு இல்லாமலே வந்துவிட்டன. இறங்குமிடத்துக்கு டேபிளில் யாரோ வேறு பெயர் வைத்திருந்தார்கள். அது தெரியாத தரகர், தானே புதிதாக ஒரு காலிக் கட்டத்தை உருவாக்கி, அதிலிருந்து காற்றை அள்ளிக் கொடுத்திருக்கிறார். உண்மையான விவரம் பழைய கட்டத்தில் பத்திரமாகத்தான் இருந்தது.

"நீங்களே மாத்துங்க சார், நான் தொட்டா இன்னும் எதையாவது ஒடச்சிடுவேன்" என்றேன்.

"நீ ஒட்டினது. நீயே பிச்சு ஒட்டு."

ஒட்டினேன். ஒரே ஒரு வரி. மூன்று பதினைந்துக்கு ஏற்றினோம். மூன்று இருபதுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது: "வந்துச்சு மேடம், எறங்கற எடம் எல்லாம் வந்துச்சு. இன்னொரு தபா இப்டி பண்ணீங்கன்னா புள்ளைங்கள உங்க ஆபீசுல எறக்கி வுட்டுருவேன்."

நான் மூச்சு விடுவதற்குள் எம்.டி. கேட்டார்: "யாரு பண்ண வேலை இது?"

எல்லோரும் கம்ப்யூட்டரைப் பார்த்தோம். ஒரு மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். 'எப்படியோ நடந்துடுச்சு சார்' என்றாவது சொல்லியிருக்கலாம்.

"இந்தம்மாதான்" என்றார் ஸ்டிக்கர்.

பாவி. அந்த நேரத்தில் நான் மனதில் சொன்னதை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

"ரெண்டு தடவை சொல்லிட்டேன். இனிமே பேச ஒண்ணுமில்ல. நீங்க..." என்று எம்.டி. என் பக்கம் திரும்பினார்.

"நான் இன்னும் முடிக்கல" என்றார் ஸ்டிக்கர். "ஐடிய மாத்தினது இவங்க. ஆனா, டேபிள்ல கட்டம் இல்லன்னா நீயே உருவாக்கிக்கோன்னு தரகருக்கு ஒரு வரி எழுதி வச்சிருக்கு. அந்த வரி இல்லன்னா காலைல டெஸ்ட் பண்ணும்போதே எர்ரர் அடிச்சு நின்னிருக்கும். பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருக்காது. அது யார் எழுதின வரி?"

கம்பெனி ஆரம்பித்த காலத்தில் எம்.டி.யே உட்கார்ந்து எழுதிய கோடு அது.

"அது... அப்போ வசதிக்குப் போட்டது."

"எடுக்கச் சொல்லி நாலு தடவை எழுதிக் குடுத்திருக்கேன். அப்புறம், இந்தத் தாளெல்லாம் நேத்தே செவுத்துல இருந்திருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும். பிரின்ட்டரப் பூட்டினது யாரு?"

"அதுக்கு?"

"தப்புப் பண்ணவங்கள அனுப்பறதுன்னா அனுப்புங்க சார். இவங்க ஒரு தப்பு. நீங்க ரெண்டு. உங்கள யார் அனுப்பறது?"

எம்.டி.க்கு முகம் சிவந்து, பிறகு வெளுத்து, பிறகு ஒரு மாதிரி நிறமில்லாமல் போனது. கடைசியில் என்னிடம், "மொத்த சாஃப்ட்வேர்லயும் இந்த மாதிரி எங்கெங்க இருக்குன்னு பாத்து, எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கணும். திங்கக்கிழமை காலைல எனக்குக் காட்டணும். இல்லன்னா வராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் ஸ்டிக்கரிடம் போய், "என் பேரச் சொல்லாமலே இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே சார்" என்றேன்.

"நீதானே பண்ண?" என்றார். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காட்டினேன். எம்.டி. உதட்டைப் பிதுக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆறாவது மாதம் முடிந்ததும் வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. அங்கே இன்னும் மூன்று வருஷம் இருந்தேன். ஸ்டிக்கரோடு தினமும் சண்டை. ஆனால் நடுவில் இருந்த அந்தச் சனிக்கிழமையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது. பிள்ளையை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, ஜவுளிக்கடை வாட்ச்மேனிடம் சாவி வாங்கி ஒன்பதரைக்குத் திறந்தேன். பார்க்க வேண்டிய தாள் நூற்றுக்கும் மேலே. தனியாகப் பார்த்தால் அடுத்த புதன்கிழமை ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அழலாமா ஆரம்பிக்கலாமா என்று உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குப் படியில் செருப்புச் சத்தம். ஸ்டிக்கர். கக்கத்தில் ஒரு கட்டு வெள்ளைத்தாள்.

"என்ன சார், இன்னைக்கு?"

"வீட்ல கரன்ட் இல்ல. வெஸ்ட் தாம்பரம் பூரா கட். சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வருமாம். புழுக்கம் தாங்கல, அதான் வந்தேன். உனக்காக வந்தேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல சார்."

பிரின்ட் எடுத்து ஒட்டினோம். கட்டம் கட்டினோம். அவர் சுவரில் சாய்ந்து நின்று, "மூணாவது, கீழ", "ஏழாவது, நடுவுல ஒண்ணு" என்று ஏலம் விடுகிறவர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் போன் அடித்தது. கண்ணில் கண்ணாடி இல்லாததால் எதையோ அழுத்திவிட்டார். ஸ்பீக்கரில் அவர் மனைவி குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எங்கங்க போய்த் தொலைஞ்சீங்க? சொல்லாமக்கூட! என்னது? சத்தமாப் பேசுங்க, மிக்ஸி ஓடுது! இருங்க, டிவிய வேற இவன் அலற விட்டிருக்கான்..."

ஸ்டிக்கர் பதறிப்போய்ப் போனை அணைத்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் நான் இருக்கிற திசைக்கு ஒரு அடி தள்ளிப் பார்த்தார்.

"இன்வெர்ட்டர்" என்றார்.

ஐந்து மாதமாக என்னைச் சுவரில் ஒட்டி வைத்து மானத்தை வாங்கின ஆள். அவரைக் குத்திக் காட்ட ஆண்டவனே தட்டில் வைத்துக் கொடுத்த வாய்ப்பு. இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடாதா, புழுக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு கேள்வி போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"ஆமா சார், இன்வெர்ட்டர்தான்" என்றேன். எழுந்துபோய், அவர் சாய்ந்து நின்ற பக்கமாக ஸ்டாண்ட் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.